பையைப் பார்த்துக்கொள்ள ஒருவர்

மனித குலம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள இதுவரை கண்டுபிடித்தவற்றில் நகரச் சுற்றுலா அட்டையை மிஞ்ச எதுவும் இல்லை என்று நிபுணர் அறிவித்தார். அறிவிக்கும்போது அவர் ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டிருந்தார். இன்னொரு சாக்ஸ் கையில் இருந்தது. முக்கியமான இடங்களில் அதை உதறிக் காட்டினார்.

விடுதி அறையில் கேட்பதற்கு மூன்று பேர் இருந்தார்கள். அக்கா கண்ணாடி முன்னால் தலைவாரிக்கொண்டிருந்தாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஜன்னலோரம் நின்று, எதிர்க் கட்டடத்துக் கண்ணாடி லிஃப்ட் ஏறி இறங்குவதைச் சொந்தப் பிள்ளை ஓடி விளையாடுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஒரு பெரிய பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நிபுணர் என்பது அவருக்கு வீட்டில் கொடுத்த பட்டம். பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரை ‘ர்’ போட்டு அழைப்பதற்குக் காரணம் ஒரு மிக்ஸி. எந்த மிக்ஸி வாங்கலாம் என்று அவர் ஊரிலுள்ள அத்தனை மிக்ஸிகளையும் ஆராய்ந்து, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைக்குப் போனபோது, அந்த மாடலைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அன்று இரவு அக்கா சூட்டிய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்லூரி இதழில் கடைசிப் பக்கம் அவருடையது. நகர அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அலைபவர்களைப் பற்றி ‘கயிறு கட்டிய கால்நடைகள்’ என்று அதில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். படித்தவர்கள் எல்லோரும் ரசித்தார்கள். அதாவது, அவரும் அவருடைய அறைத்தோழனும். அந்தக் கட்டுரை எழுதிய நாள்வரை நகர அட்டை எப்படியிருக்கும் என்று நிபுணர் கண்ணால் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது பார்த்துவிட்டார். வரவேற்பறையிலிருந்து அக்கா கொண்டுவந்த விளம்பரத் தாளில் பளிச்சென்று இருந்தது. ஒரு நாள் முழுக்கச் செல்லுபடியாகும். அரண்மனை, கோபுரம், மீன் காட்சியகம், டிராம், படகு எல்லாம் அதிலேயே அடக்கம். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆரஞ்சு நிறக் கயிறும் உண்டு.

“இதுல பூட்டு மியூசியம்னு ஒண்ணு போட்டிருக்கான் பாரு,” என்றார் நிபுணர். “பூட்டு! எவனாவது ஊரு விட்டு ஊரு வந்து பூட்டு பாப்பானா? எண்ணிக்கை ஏத்தறதுக்காக இதை எல்லாம் சேத்துடறாங்க. சோத்துல கல்லு மாதிரி.”

“நீ பூட்டு பாக்காதே. யாரு பாக்கச் சொன்னா?” என்றாள் அக்கா. மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் போனஸில் இந்தப் பயணத்துக்கு எல்லோரையும் அழைத்து வந்தவள் அவள்தான். “அட்டை இருந்தா ஒவ்வொரு வாசல்லயும் நின்னு யோசிக்க வேண்டாம்டா. நேரா உள்ள போயிட்டே இருக்கலாம்.”

“யோசிக்கக் கூடாதுங்கறதுக்காகத்தானேக்கா இதை விக்கிறதே! கீழ பொடி எழுத்துல என்ன போட்டிருக்கான் பாத்தியா? ‘வாங்கிய அட்டை எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படாது.’ இதைவிட ஒரு பகல் கொள்ளை உண்டா? அட்டைக்குக் குடுத்த காசு வசூலாகணும்னா, நாம நாக்கு தள்ளற அளவுக்கு ஓடணும். தனித்தனியா டிக்கெட் எடுத்தா பாதிதான் ஆகும். எல்லாம் போட்டுப் பாத்துட்டேன்.”

“கோபுரத்துல லிஃப்ட் இருக்கா?” என்று அப்பா திரும்பாமலே கேட்டார்.

“இருக்குப்பா.”

“அப்ப எதா இருந்தாலும் எனக்குச் சரி.”

அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். “எனக்கு மீன் பாத்தாப் போதும்,” என்றாள்.

அம்மா ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பாளர். அங்கே காத்திருப்போர் அறையில் ஒரு மீன் தொட்டி உண்டு. கன்னம் வீங்கியவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது, தீனி போடுவது, மோட்டார் இரைந்தால் தட்டுவது எல்லாம் அம்மாவின் பொறுப்பு. இப்போது அதில் இருப்பது ஒரே ஒரு கொழுத்த மீன். நாள் முழுக்க ஒரு மூலையில் அசையாமல் நின்றுவிட்டு மூடியைத் திறந்தால் மட்டும் மேலே வரும் என்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். அந்த விளம்பரத் தாளில் மீன் காட்சியகத்தின் படம் இருந்தது: கண்ணாடிக் குகை, உள்ளே நடந்து போகிறவர்கள், அவர்கள் தலைக்கு மேல் பாய் விரித்தாற்போல ஒரு திருக்கை மீன். நேற்று ராத்திரி படுக்கும்வரை அம்மா அந்தத் தாளைக் கீழே வைக்கவில்லை. “நிஜமாவே தலைக்கு மேல போகுமா?” என்று இரண்டு தடவை கேட்டாள். அம்மா எதையும் இரண்டு தடவை கேட்கிற ஆள் இல்லை.

நாளைக் காலையில் ரயில். இருப்பது இந்த ஒரு நாள்.

“சரி நிபுணரே,” என்று அக்கா சீப்பை வைத்தாள். “உன் இஷ்டப்படியே போவோம். பணப்பையும் நீயே வெச்சுக்கோ. ஆனா அம்மா இன்னிக்கு மீன் பாக்கணும். பாக்கலேன்னா உன்னைத்தான் கேப்பேன்.”

“அது ஒரு விஷயமா?” என்று நிபுணர் இரண்டாவது சாக்ஸையும் போட்டுக்கொண்டார்.

முதலில் அரண்மனை. டிக்கெட் ஜன்னல் முன்னால் போய் நின்றதுமே, நிபுணர் வாயைத் திறப்பதற்குள், அம்மா பெஞ்ச் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“நீங்க போயிட்டு வாங்க. நான் பையைப் பாத்துக்கறேன்.”

அந்தக் குடும்பத்தில் அது ஒரு வழக்கம். காசு கொடுத்து நுழைய வேண்டிய இடம் எதுவானாலும், பையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வெளியே இருக்க வேண்டும். அந்த ஒருவர் அம்மா. ஏன் பையை உள்ளே கொண்டுபோகக் கூடாது, ஏன் அம்மா மட்டும், என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பையில் அப்படி என்னதான் இருந்தது? குடை, தண்ணீர் பாட்டில், நான்கு ஸ்வெட்டர், தைலம், ஒரு பழைய துண்டு, பிறகு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அடைத்துவைத்த நிறையப் பிளாஸ்டிக் பைகள். எவனாவது திருடிக்கொண்டு போனால், பிரித்துப் பார்த்துவிட்டு, வருத்தம் தெரிவித்துத் திரும்பக் கொண்டுவந்து வைப்பான். ஆனாலும் அம்மா அதைக் காவல் காத்தாள். அப்படித்தான் அவள் உலகத்தைப் பார்த்திருந்தாள், வெளியிலிருந்து. விலங்குக் காட்சிசாலை என்றால் மற்றவர்களுக்குச் சிங்கம், அம்மாவுக்கு ஐஸ்கிரீம் வண்டி. கோளரங்கம் என்றால் சைக்கிள் ஸ்டாண்ட். மலைக்குப் போகும் ரோப் கார் என்றால், அது கிளம்புகிற இடத்திலுள்ள சிமென்ட் பெஞ்ச். எந்த ஊரில் எந்த வாசலில் முதுகு சாய்க்க வசதியான பெஞ்ச் உண்டு என்று அம்மாவைக் கேட்டால் சொல்லிவிடுவாள்.

நிபுணருக்கு இதில் சந்தோஷம்தான். “பாத்தியா,” என்று அக்காவின் காதில் சொன்னார். “அட்டை வாங்கியிருந்தா இப்ப அம்மாவோடது வீணாப் போயிருக்கும்.”

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அரண்மனையில் நாற்காலிகள் நிறைய இருந்தன. எதிலும் உட்கார விடவில்லை. அப்பா அங்கே ராணிக்காக வைத்த கையால் இழுக்கும் லிஃப்ட் ஒன்றைக் கண்டுபிடித்து, கயிற்றுத் தடுப்பைத் தாண்டித் தலையை நீட்டி, காவலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வெளியே வந்தபோது, பெஞ்சில் அம்மா பக்கத்தில் வேறு மூன்று குடும்பங்களின் பைகளும் இருந்தன.

“உள்ள போறோம், கொஞ்சம் பாத்துக்கங்கன்னாங்க,” என்றாள் அம்மா. “பாவம், டிக்கெட் எடுத்தவங்க.”

அடுத்து கோபுரம். அங்கும் அதே கதை. மேலே போய் அக்கா நகரத்தைப் பார்த்தாள். நிபுணர் காசைப் போட்டால் தெரியும் தொலைநோக்கியில் காசு போடாமல் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார். அப்பா எதையும் பார்க்கவில்லை. லிஃப்டை விட்டு இறங்கவே இல்லை. லிஃப்ட் இயக்குபவரோடு தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டு இரண்டு தடவை ஏறி இறங்கினார். “சத்தமே இல்லடா. வெண்ணெய் மாதிரி நிக்குது,” என்று கண் கலங்கினார்.

மேலேயிருந்து பார்த்தபோது கீழே பூங்கா பெஞ்சில் ஒரு புள்ளி தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு பெரிய புள்ளி. பெரியது பை.

மதியம் அதே பெஞ்சில் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். நிபுணருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அட்டை வாங்காததால் இதுவரை எவ்வளவு மிச்சம் என்று ஒரு சொற்பொழிவு ஆரம்பித்தார்.

“இரு, எப்படிப் போடற?” என்றாள் அக்கா. “அந்தப் பக்கம் அட்டை எத்தனை பேருக்கு?”

“நாலு பேருக்கு.”

“இந்தப் பக்கம் டிக்கெட் எத்தனை பேருக்கு?”

“மூணு.”

“நாம நாலு பேரு.”

“அம்மாதான் வெளியில இருப்பாங்களே...”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. அப்பா ரொட்டி மெல்வதை நிறுத்தினார். ஒரு புறா கூட நடப்பதை நிறுத்தியதாக நிபுணருக்குத் தோன்றியது. காலையிலேயே, சாக்ஸ் போடுவதற்கு முன்பே, அவர் போட்டுவைத்த கணக்கில் அம்மா இல்லை. மறதியில் விடுபட்டதல்ல. யோசித்து, சரிபார்த்து, விலக்கி வைத்தது.

“அவன் சொல்றது சரிதானேடி,” என்றாள் அம்மா, ஒரு வாழைப்பழத்தை உரித்து அவரிடம் நீட்டிக்கொண்டே. “நான்தான் பையைப் பாத்துக்கறேனே. எனக்கெதுக்கு அரண்மனையும் கோபுரமும்? இதைச் சாப்பிடு. காலையிலேருந்து கத்திக்கிட்டே இருக்கே.”

நிபுணர் அந்தப் பழத்தைக் கடிக்காமல் டிராம் நிறுத்தம்வரை கையிலேயே கொண்டுவந்தார்.

மீன் காட்சியகத்துக்கு டிராமில் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. இறங்கியதும் அம்மா எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். முட்டி வலி, பை, எதுவும் தெரியவில்லை. தூரத்திலேயே திருக்கை படம் போட்ட சுவர் தெரிந்தது. வாசல்வரை அப்படியே போனாள். வாசலில் கட்டணப் பலகை இருந்தது. அம்மா அதன் முன்னால் நின்றாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள், இறக்கினாள். எப்படிப் பார்த்தாலும் அதே விலைதான்.

“அடேயப்பா,” என்றாள். பிறகு திரும்பி, ரொம்ப சாதாரணமாக, “நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் பையை...”

“அம்மா!” என்றாள் அக்கா.

“மீன்தானேடி. நம்ம கிளினிக்லயே இருக்கு. ஒண்ணைப் பாத்தா என்ன, நூறைப் பாத்தா என்ன?”

அக்கா நிபுணரைப் பார்த்தாள். இந்தத் தடவை அது பாராட்டு இல்லை என்று அவருக்கே புரிந்தது. அவர் டிக்கெட் ஜன்னலுக்குப் போய் நான்கு டிக்கெட் எடுத்துவந்து, ஒன்றை அம்மா கையில் வைத்தார். அம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஏதோ எழுதியிருந்தது. கிளினிக்கில் டாக்டரின் கையெழுத்தையே படிக்கிறவளுக்கு அச்செழுத்து எம்மாத்திரம்? நேராக ஜன்னலுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் சிரித்த முகத்தோடு திரும்பிவந்து பணத்தை நிபுணர் சட்டைப் பையில் செருகினாள்.

“உள்ள போகலேன்னா முழுசாத் திருப்பிக் குடுத்துடுவாங்களாம். நல்ல பொண்ணு. பத்திரமா வெச்சுக்கோ.”

சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். சுவரில் இருந்த திருக்கை படத்தை அண்ணாந்து பார்த்தாள். நன்றாகப் பார்க்கும் கோணம் எது என்று இடம் மாற்றி உட்கார்ந்தாள். அதுதான் நிபுணரால் தாங்க முடியவில்லை.

விலை தெரிந்துவிட்ட இடத்துக்குள் அம்மாவை யாராலும் இழுத்துக்கொண்டு போக முடியாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்றுவிட்டுச் சந்தோஷமாக வீடு திரும்பியவள் அவள். இன்னொரு டிக்கெட் எடுத்தால் அதையும் திருப்பிவிடுவாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். நிபுணர் சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரே, அவர் வாழ்க்கையில் எந்தக் காலத்திலும் எட்டிப் பார்க்க மாட்டேன் என்று அச்சில் உறுதி கொடுத்த நகர அட்டை விற்கும் ஆரஞ்சு நிறக் கூண்டு ஒன்று இருந்தது. உள்ளே ஒரு இளைஞன் கடையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

நிபுணர் முதலில் மீன் காட்சியக ஜன்னலுக்குப் போய் மீதி மூன்று டிக்கெட்டையும் நீட்டினார்.

“உங்க வீட்டுல யாருமே மீன் பாக்க மாட்டீங்களா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

பிறகு கூண்டுக்குப் போனார்.

“அட்டை வேணும்.”

“இன்னிக்கா?” இளைஞன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். “சார், சாயங்காலம் ஆயிடுச்சு. இப்ப வாங்கினா ராத்திரியோட சரி. நாளைக்குக் காலையில வாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, உங்களுக்குத்தான் நஷ்டம்.”

யோசிப்பதைப் பற்றித் தனக்கே ஒருவன் பாடம் எடுப்பான் என்று நிபுணர் எதிர்பார்க்கவில்லை.

“இதைத் திருப்பித் தர முடியாதுல்ல?”

“முடியாது சார். அதான் சொல்றேன்.”

“நிச்சயமா?”

“அழுதாலும் முடியாது.”

“எங்கம்மா வந்து கேட்டா?”

“யாரு அம்மா வந்து கேட்டாலும் முடியாது சார்.”

“நாலு குடுங்க,” என்றார் நிபுணர். பணப்பையைத் தொடவில்லை. ஷூ வாங்கலாம் என்று தனியாக வைத்திருந்ததை எடுத்தார். எந்த ஷூ என்று தேர்ந்தெடுக்கவே இன்னும் பல மாதம் ஆகும், அவசரமில்லை.

அம்மா முதலில் கயிற்றைப் பார்த்தாள், பிறகு அட்டையை, பிறகு மகனை.

“என்னடா இது? எவ்வளவு? போய்க் குடுத்துட்டு வா.”

“முடியாதும்மா. கீழ படிச்சுப் பாருங்க.”

அம்மா பொடி எழுத்தைப் படித்தாள். எக்காரணம் கொண்டும் என்ற இடத்தில் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தாள். முகம் சிவந்தது.

“யாருடா உனக்குப் பொருளாதாரம் சொல்லிக் குடுக்கறாங்க? இந்நேரத்துக்குப் போய் ஒரு நாள் அட்டை வாங்கிட்டு வந்து நிக்கறியே! காலையில என்ன பேச்சுப் பேசினே?”

“தப்புதாம்மா. இப்ப உள்ள போனாலும் போகாட்டியும் காசு போனது போனதுதான்.”

அம்மா எழுந்துவிட்டாள். அவள் எழுந்த வேகத்தில் பை மடியிலிருந்து விழப் போனது.

“போனதாவது! நான் விட்டுடுவேனா? எந்திரிங்க எல்லாரும். எத்தனை மணிக்கு மூடறாங்க?” கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தவள், வாசலில் சட்டென்று நின்றாள். “பை?”

“குடுங்க,” என்று நிபுணர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவு கனம் என்று இத்தனை வருஷம் அவருக்குத் தெரியாது. “நான் பாத்துக்கறேன். உள்ள வந்து பாத்துக்கறேன்.”

கண்ணாடிக் குகைக்குள் நீல வெளிச்சம். அம்மா நடுவில் நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு மேலே, சத்தமில்லாமல், ஒரு போர்வையை யாரோ மெதுவாக உதறுவதுபோலத் திருக்கை வந்தது. நேராக அம்மாவின் தலைக்கு மேல். அதன் வெள்ளை அடிவயிற்றில் வாயும் மூக்குத் துளைகளும் சேர்ந்து சிரிக்கிற முகம்போல இருந்தன. அம்மா தன்னையறியாமல் ஒரு கையைத் தூக்கினாள், மூடியைத் திறந்து தீனி போடப் போவதுபோல. திருக்கை நின்று பார்த்துவிட்டுப் போயிற்று.

“மேனேஜர் மாதிரியே பாக்குது,” என்றாள் அம்மா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “ஏங்க, இவ்வளவுக்கும் தண்ணி எப்படிங்க மாத்துவாங்க?” என்று கேட்டாள்.

“பம்ப் இருக்கும்,” என்றார் அப்பா. “பம்ப் ரூமை மட்டும் காட்டுவாங்களான்னு கேட்டுட்டு வரேன்.”

விளக்கை அணைக்கப்போவதாகச் சொல்லும்வரை அம்மா அங்கிருந்து நகரவில்லை. வெளியே வந்த உடனேதான் அவளுக்கு மறுபடியும் நினைவு வந்தது.

“இதுல இன்னும் என்னென்ன இருக்கு?”

படகு இருந்தது. போனார்கள். வேண்டிய அளவு டிராம் இருந்தது. தங்களுக்குத் தேவையே இல்லாத ஒரு டிராமில் கடைசிவரை போய்த் திரும்பினார்கள். பிறகு தாளில் திறந்திருந்த இடம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

பூட்டு மியூசியத்தில் இவர்களைத் தவிர யாரும் இல்லை. அம்மா ஒவ்வொரு அலமாரி முன்னாலும் நின்று, கொடுத்த காசுக்கு ஒரு பூட்டும் குறையாமல் பார்த்தாள். அப்பா எல்லாவற்றின் உள்ளமைப்பையும் வெளியிலிருந்தே ஊகித்தார். அக்கா வாசல் பக்கம் ஒரு நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

காவலர் சாவிக்கொத்தைக் குலுக்கிக் காட்டினார். அம்மாவும் அப்பாவும் வெளியே வந்தார்கள்.

“நிபுணர் எங்கே?” என்றாள் அம்மா.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். கடைசி அறையில், தோளில் பெரிய பையோடு, கழுத்திலிருந்து ஆரஞ்சுக் கயிறு தொங்கி ஆட, மூக்கு அலமாரிக் கண்ணாடியில் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து, ஒருவர் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார்.

“டேய், போலாமாடா? மூடறாங்க.”

“இரு,” என்றார் அவர், திரும்பாமல். “இந்த வரிசை மட்டும்.”